வி8 ஏற்றிய எம்.ஜி.பி.க்கு எந்தப் பெட்ரோல் பம்ப்?

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ரோவர் வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜினை ஏற்ற முனைகிறவர்கள் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஸ்டியரிங் தண்டுக்கான இடைவெளி, சைலன்சர் குழாய் போகும் வழி என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அளந்து பார்க்கிறார்கள். பெட்ரோல் பம்பின் நினைவு வருவது, இன்ஜின் முதன்முறை கிளம்பிய சில நிமிடங்களில் திறந்த பானட்டிலிருந்து பெட்ரோல் வாடை எழும்போதுதான். அந்தக் காரின் மூடிய கூரை வகையான என் எம்.ஜி.பி. ஜி.டி.யிலும் அதுதான் நடந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரட்டை எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர்களில் வலப்பக்கத்ததன் ஓவர்ஃப்ளோ குழாய் முனையில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது; அது விழுவதற்குள் அடுத்த துளி திரண்டுவிட்டது. அந்தக் குழாயின் முனைக்கும் சூடேறிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பழைய பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "வி8 என்றால் இதுதான் வேண்டும்" என்று கடையில் கொடுத்த பெரிய பம்பை நான் மாட்டியிருந்தேன். அன்றிரவு மதுரையில் அம்பாசடர் வேலை பார்த்துப் பழுத்த அண்ணன் ஒருவருக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க இன்ஜினுக்குப் பம்ப் வாங்கியிருக்கீங்க. கார்புரேட்டருக்கு வாங்கலையே" என்றார். அவர் எம்.ஜி.பி.யைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் காரின் 1798 சி.சி. இன்ஜினும் அவர் ஆயுள் முழுக்கப் பிரித்துப் பூட்டிய அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) செய்த ஒரே பி-வரிசைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்துதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

பம்பை இரண்டு எண்களால் அளக்கிறோம். ஒன்று அழுத்தம், மற்றொன்று மணிக்கு எத்தனை லிட்டர் என்ற அளவு. இன்ஜினின் குதிரைத்திறன் தீர்மானிப்பது இரண்டாவதை மட்டுமே. முதலாவதைத் தீர்மானிப்பது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையில் இருக்கும் சிறு ஊசி. அறை நிறைந்ததும் மிதவை மேலெழுந்து அந்த ஊசியை அதன் இருக்கையில் வைத்து அழுத்துகிறது. எதிர்ப்புறத்திலிருந்து பம்ப் அந்த ஊசியைத் தள்ளித் திறக்கப் பார்க்கிறது. மிதவையின் மிதப்பு விசையும் நெம்புகோலின் நீளமும் கார்புரேட்டரை வடிவமைத்த அன்றே முடிவாகிவிட்டவை. பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் நான்கு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பது அந்த ஊசிக்குத் தெரியாது.

அழுத்தத்தைக் கைக்கு எட்டும்படி உணர ஒரு வழி சொல்கிறேன். 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) என்பது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்ரோல் கம்பம் தரும் அழுத்தம். எம்.ஜி.பி.யில் தொழிற்சாலை வைத்த எஸ்.யூ. மின்பம்பின் குறிப்பு 2.7 பி.எஸ்.ஐ.; அதாவது பெட்ரோலை இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தள்ளி நிறுத்தும் வலிமை. நான் மாட்டிய பம்ப் 7 பி.எஸ்.ஐ.யில்தான் நிற்கும் என்பது பின்னர் அளவியை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. மாடிக் கூரையில் ஒரு டேங்கை வைத்து அங்கிருந்து நேராகக் குழாய் இறக்கியதைப் போன்றது அது. எஸ்.யூ. ஊசி அதைத் தாங்காததில் வியப்பில்லை.

முதலில் கார்புரேட்டர், பிறகு பம்ப்

ரோவர் வி8 இன்ஜினை எம்.ஜி.பி.யில் வைப்பவர்கள் முன்னால் உள்ளவை பெரும்பாலும் இரண்டு பாதைகள்தாம். முதலாவது தொழிற்சாலையே போட்டுக்கொடுத்த பாதை. இங்கிலாந்தின் கென் காஸ்டெல்லோ 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மாற்றத்தைச் செய்து விற்றுக்காட்டிய பிறகு, எம்.ஜி. நிறுவனத்தின் ஆபிங்டன் தொழிற்சாலை 1973 முதல் 1976 வரை எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற பெயரில் 2,591 கார்களைச் செய்தது. அவற்றில் 3528 சி.சி. இன்ஜினுக்கு எஸ்.யூ. எச்.ஐ.எஃப்.6 கார்புரேட்டர்கள் இரண்டு. பானட்டை உயர்த்தாமல் இருப்பதற்காக அவற்றை இன்ஜினின் பின்பக்கம் தள்ளி வைத்தார்கள். இரண்டாவது பாதை அமெரிக்க வகை நான்கு தொண்டைக் கார்புரேட்டர், அதாவது காற்று போக நான்கு வழிகள் கொண்டது: எடெல்புராக் 500 அல்லது ஹோலி 390. இந்த எண்கள் நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று என்பதைக் குறிப்பவை. 3528 சி.சி. இன்ஜின் 5500 சுற்றில் முழுமையாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 340 கன அடிக் காற்றைத்தான் இழுக்கும், உண்மையில் 300-ஐ ஒட்டித்தான் இழுக்கும் என்பதால், காற்றின் கணக்கில் இரண்டுமே தாராளம்.

பெட்ரோல் கணக்கில்தான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன. எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டரை, மூன்று பி.எஸ்.ஐ.யில் நிம்மதியாக இருக்கும். நான்கைத் தொட்டால் ஊசி புதிதாக இருந்தாலும் கசிவு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். எடெல்புராக் விரும்புவது 5.5, அதன் தயாரிப்பாளர் வைத்த உச்சவரம்பு 6.5. ஹோலி ஐந்திலிருந்து ஏழு வரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு கார்புரேட்டருக்குப் போதுமான அழுத்தம் இன்னொன்றுக்கு ஆபத்தானது. இன்ஜினை மாற்றும்போது கார்புரேட்டரும் சேர்ந்து மாறிவிடுவதால்தான் மக்கள் இந்த இடத்தில் இடறுகிறார்கள். மாறிய இரண்டில் எது பம்பைப் பாதிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அளவின் கணக்கு இன்னும் எளிது. முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரைப் பவுண்டு பெட்ரோல் என்பது கார்புரேட்டர் இன்ஜின்களுக்கு எல்லோரும் பயன்படுத்தும் மதிப்பீடு. தொழிற்சாலை வி8 தந்தது 137 குதிரைத்திறன். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 42 லிட்டர் வேண்டும். பழைய நான்கு சிலிண்டர் 95 குதிரைத்திறனுக்கு 29 லிட்டர் கேட்டது. கேம் தண்டு மாற்றி, 3.9 லிட்டர் இன்ஜின் பிளாக்கில் 200 குதிரைத்திறன் எடுப்பவருக்கு 61 லிட்டர் தேவைப்படும். எஸ்.யூ. பம்பின் குறிப்பில் இருப்பது மணிக்கு 68 லிட்டர். முதல் பார்வையில் மூன்று இன்ஜினுக்குமே போதும்போலத் தோன்றும் இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது: அது எதிர்ப்பின்றி ஊற்றும்போது கிடைக்கும் அளவு, எதிர்ப்பு கூடக் கூட அளவு குறையும்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டேங்க் காரின் அடிவயிற்றில் இருக்கிறது, கார்புரேட்டர் அதற்கு அரை மீட்டர் மேலே. அதற்கே அரை பி.எஸ்.ஐ. போய்விடும். கால் அங்குலக் குழாயில் 42 லிட்டர் ஓடினால் உராய்வுக்கு இன்னொரு அரை. 61 லிட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 1. குழாயை 5/16 அங்குலம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் 8 மில்லிமீட்டருக்கு மாற்றினால் அது கால் பி.எஸ்.ஐ.யாக இறங்கிவிடும். பலரும் மறக்கும் மூன்றாவது எதிர்ப்பு, காரின் முடுக்கம். கார் முன்னோக்கிப் பாயும்போது குழாயில் இருக்கும் பெட்ரோல் பின்தங்கப் பார்க்கிறது. புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு முடுக்கத்தில், இரண்டரை மீட்டர் நீளக் குழாயில், அது ஒரு மீட்டர் உயரக் கம்பத்துக்குச் சமம். அதாவது 1 பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் கூடுதல். 2.7-இல் இவ்வளவையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு.

அப்படியானால் தொழிற்சாலை வி8 எப்படி ஓடியது என்ற கேள்வி நியாயமானது. முடுக்கம் உச்சத்தில் இருப்பது முதல் கியரில், சில நொடிகளுக்கு மட்டும்; அப்போது மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலே தாக்குப்பிடிக்கும். பெட்ரோல் செலவு நீடித்து உச்சத்தில் இருப்பது நெடுஞ்சாலை வேகத்தில். அப்போது முடுக்கம் மிகக் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதனால் எஸ்.யூ. கார்புரேட்டரும் எஸ்.யூ. பம்பும் 137 குதிரைத்திறனுக்கு ஒத்துப்போயின. அதே பம்பை 200 குதிரைத்திறன் எடெல்புராக்கோடு கட்டினால் கணக்கு உதைக்கும்.

பம்புகள்

எஸ்.யூ. மின்பம்பை வைத்துக்கொள்வதுதான் முதல் வாய்ப்பு. காரில் ஏற்கெனவே இருக்கிறது. பின் அச்சுக்கு அருகில், டேங்குக்குப் பக்கத்தில், பெட்ரோலை இழுக்காமல் தள்ளும் இடத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று வேகமாக அடித்து, அறைகள் நிறைந்ததும் தானாக நின்றுவிடும். அந்தச் சத்தம் நிற்பதே ஒரு சோதனைக் கருவி. இன்ஜின் ஓடாத நிலையில் சத்தம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், எங்கோ ஊசி கசிகிறது அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. வேறெந்தப் பம்பும் இவ்வளவு பட்டவர்த்தனமாகப் பேசாது. குறை, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் அதன் தொடுமுனைகளில்: நெடுநாள் நிறுத்திவைத்த காரில் அவை கரியேறிப் பம்ப் அடிக்க மறுக்கும், செருப்புக் குதியால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி அடிக்கும். சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் முனைகளுக்குப் பதில் மின்னணுச் சுற்று வைத்த எஸ்.யூ. பம்புகளை இப்போதும் செய்து விற்கிறது. அந்தக் குறை அதோடு தீர்ந்துவிடுகிறது. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரோடு, பெரிதாக முறுக்கேற்றாத 3.5 லிட்டர் இன்ஜின் வைத்திருப்பவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்பதே என் தீர்மானமான கருத்து.

இரண்டாவது, இன்ஜின் மீதே அமரும் இயந்திரப் பம்ப். நம் ஊர்ப் பட்டறைகளில் ஏ.சி. பம்ப் என்பார்களே, அது. ரோவர் பி6 3500 போன்ற பழைய கார்களின் முன்மூடியில் இதற்கு இடம் உண்டு. கேம் தண்டின் முனையில் இருக்கும் மையம் விலகிய சக்கரம் நெம்புகோலை அசைக்க, டயாஃப்ரம் என்ற சவ்வு கீழிறங்கி இழுக்கும், சுருள்வில் மேலே தள்ளும். அழுத்தத்தை நிர்ணயிப்பது இன்ஜின் வேகம் அல்ல, அந்த வில்தான். மின்கம்பி வேண்டாம், இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். விபத்துக் கால நோக்கில் இது பெரிய நன்மை. ஆனாலும் எம்.ஜி.பி.யில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கமான அந்த இன்ஜின் அறையில் வி8 கக்கும் வெப்பம் மிக அதிகம். சூடான பம்ப் டேங்கிலிருந்து இரண்டரை மீட்டர் தூரம் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகிறது. ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பும்போது இருமி நிற்கும் கார்கள் பெரும்பாலும் இந்த நோய் கண்டவை. எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் எளிதாக்கிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோல் என்பதே 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. மேலும், எண்ணெய்ப் பம்பைக் கிராங்க் தண்டிலேயே அமர்த்திய பிற்கால இன்ஜின்களின் முன்மூடியில் இந்தப் பம்புக்கு இடமே இல்லை. அத்தகைய இன்ஜின் கிடைத்தவருக்கு இந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, ஃபாசெட் நிறுவனத்தின் சதுரப் பெட்டி வடிவச் சிறு மின்பம்ப். மலிவானது, கைப்பிடிக்குள் அடங்குவது, தொடுமுனைகள் இல்லாதது. இதன் ஆபத்து அதன் முகத்தில்தான் இருக்கிறது: ஒன்றரையிலிருந்து நான்கு பி.எஸ்.ஐ. வரை தருவதும், நான்கிலிருந்து ஏழு வரை தருவதும் வெளிப்பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட பாக எண்ணைப் படித்துத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடாமல் யாரும் அதைக் காரில் பூட்டக் கூடாது. எண்ணே இல்லாத போலிகளைத் தொடவே கூடாது. முதல் வகை எஸ்.யூ.வுக்குப் பொருந்தும், இரண்டாம் வகை எடெல்புராக்குக்கும் ஹோலிக்கும் பொருந்தும். 1967-இன் இறுதிக்கு முற்பட்ட எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும் என்பதால், மின்னணுச் சுற்றுள்ள பம்பை மாட்டுவதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பம்ப் முதல் நொடியிலேயே போய்விடும்.

நான்காவது, சுழலும் இறக்கைப் பம்புகள். இந்த வகையில் மூன்றைப் பெயர்சொல்லி ஒப்பிடுவது பயனுள்ளது. ஹோலி சிவப்புப் பம்ப் எதிர்ப்பின்றி மணிக்கு 97 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 367 லிட்டர் ஊற்றும், அதன் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ.யில் தானாக நின்றுவிடும். ஹோலி நீலப் பம்ப் 110 காலன் ஊற்றும், ஆனால் 14 பி.எஸ்.ஐ. வரை ஏறும், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இல்லாமல் அதைக் கார்புரேட்டரோடு இணைப்பதை அதன் தயாரிப்பாளரே அனுமதிப்பதில்லை. கார்ட்டர் பி4070 மணிக்கு 72 காலன், ஏறத்தாழ 272 லிட்டர். அழுத்தம் 6 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கும். நமக்குத் தேவையானது அறுபது சொச்சம் லிட்டர் என்பதை நினைவில் வைத்தால், மூன்றுமே அளவில் பல மடங்கு மிகை. எனவே அளவைப் பார்த்துத் தேர்வதில் பொருளில்லை. அழுத்தம் எந்த எண்ணில் தானாக நிற்கிறது என்பதைப் பார்த்தே தேர வேண்டும். அந்த வகையில் எடெல்புராக் வைத்தவருக்கு என் முதல் தேர்வு கார்ட்டர்தான். எடெல்புராக்கின் இந்தக் கார்புரேட்டர் பழைய கார்ட்டர் ஏ.எஃப்.பி. கார்புரேட்டரின் வழிவந்தது என்பதால் இந்தச் சோடி தற்செயலானதும் அல்ல. சத்தம்தான் குறை: மாவு அரைக்கும் இயந்திரம் அடுத்த அறையில் ஓடுவதைப்போல ஓயாமல் இரையும், ரப்பர் மெத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஹோலி சிவப்பு, ஹோலி கார்புரேட்டரோடு நேராகவே ஒத்துப்போகும். எடெல்புராக்கோடு வைத்தால் அதன் ஏழு, உச்சவரம்பான 6.5-ஐத் தாண்டிவிடுவதால் ரெகுலேட்டர் தேவை.

ஐந்தாவதாக, இன்ஜினைக் கொடுத்த காரிலேயே இருந்த, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 36 பி.எஸ்.ஐ.யில் வேலை செய்யப் பிறந்தது. அதை மூன்றுக்கு இறக்க, டேங்குக்குத் திரும்பும் குழாயும் அதற்கேற்ற ரெகுலேட்டரும் வேண்டும். அந்த ரெகுலேட்டர் ஒருநாள் சிக்கிக்கொண்டால் மிதவை அறையில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும். வேண்டாம்.

ரெகுலேட்டரைப் பற்றி

பெரிய பம்பை வாங்கி ரெகுலேட்டரால் அடக்குவதா, கார்புரேட்டருக்கு ஏற்ற அழுத்தத்தில் தானாக நிற்கும் பம்பையே வாங்குவதா என்பதே உண்மையில் இந்தத் தீர்மானத்தின் நடு நரம்பு. நான் இரண்டாவது பக்கம். ரெகுலேட்டர் என்பது இன்னொரு டயாஃப்ரம், இன்னொரு ஊசி, இன்னும் இரண்டு மூட்டுகள். அவை ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். அதைவிட முக்கியமானது, ரெகுலேட்டர் பழுதாகும்போது அழுத்தம் குறைந்துதான் போகும் என்று நம்ப முடியாது. தூசு சிக்கி ஊசி மூடாமல் நின்றால் பம்பின் முழு அழுத்தமும் கார்புரேட்டரை அடையும். தானாக 6-இல் நிற்கும் பம்ப் பழுதானால் கார் நின்றுபோகும், அவ்வளவுதான்.

இருந்தும் ரெகுலேட்டரைத் தவிர்க்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் வாங்கும்போது எல்லையைப் பார்க்க வேண்டும். ஹோலி 12-803 என்ற எண்ணுள்ளது நாலரையிலிருந்து ஒன்பது வரை திருத்தக்கூடியது. 12-804 ஒன்றிலிருந்து நான்கு வரை. உருவத்தில் உடன்பிறப்புகள். முதலாவதை எஸ்.யூ.வோடு வைத்து, திருகைக் கடைசிவரை தளர்த்தினாலும் கசிவு நிற்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்ட நண்பரை எனக்குத் தெரியும். எண்கள் அச்சிட்ட வட்டத் தகட்டைத் திருப்பும் மலிவு வகைகளை வாங்குபவர், அந்தத் தகட்டை நம்பாமல் அளவியை மட்டுமே நம்ப வேண்டும். மல்பாசி ஃபில்டர் கிங் போன்ற, வடிகட்டியும் ரெகுலேட்டரும் ஒன்றான கண்ணாடிக் கிண்ணம் எஸ்.யூ., வெபர் கார்புரேட்டர் வைத்தவர்களிடம் பரவலாக உண்டு. அது நல்ல பொருள்தான், ஆனால் அதை எக்ஸாஸ்டுக்கு மேலே தொங்கவிடாமல் பக்கச் சுவரில் உயரத்தில் பொருத்த வேண்டும்.

அளந்து பார்ப்பது

எதைத் தேர்ந்தாலும், கார்புரேட்டருக்கு ஒரு கை தூரத்தில் ஒரு டீ மூட்டு வைத்துச் சிறு அளவியை இணைத்துப் பார்ப்பது தவிர்க்கக் கூடாத வேலை. அளவியைக் காருக்குள் கொண்டுவருவது தவறு. பெட்ரோல் நிரம்பிய குழாய் பயணியர் அறைக்குள் வரவே கூடாது. பானட்டின் பின் விளிம்பு வழியே வெளியே எடுத்துக் கண்ணாடியின் அடியில் நாடாவால் ஒட்டி, உடன் ஒருவரை அமர்த்திப் பார்க்கச் சொல்லி, வெறிச்சோடிய சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றம் ஏறிப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் காட்டும் எண் ஊசியின் பாதுகாப்புக்கானது. ஏற்றத்தில் காட்டும் எண் இன்ஜினின் பசிக்கானது. முதலாவது உச்சவரம்பைத் தாண்டக் கூடாது, இரண்டாவது பூஜ்யத்தை நோக்கிச் சரியக் கூடாது. எடெல்புராக்கில் அழுத்தம் 5.5-இலிருந்து 2.7-க்கு இறங்கினால், ஊசித் துளை வழியே பாயும் அளவு பாதியாகாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே குறையும். ஆகவே எஸ்.யூ. பம்போடு எடெல்புராக் கிளம்பும், ஊருக்குள் நன்றாகவே ஓடும். நீண்ட ஏற்றத்தில், மிதவை மட்டம் தாழ்ந்து, கலவை பெட்ரோல் குறைந்ததாகி, பிக்கப் மங்கும்போதுதான் உண்மை தெரியும். அதைப் பற்றவைப்புக் கோளாறு என்று நினைத்து டிஸ்டிரிபியூட்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அளவைச் சோதிக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இக்னிஷன் காயிலின் கம்பியை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி உலோகக் கலத்தில் அரை நிமிடம் ஓடவிட வேண்டும், திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அரை நிமிடத்தில் அரை லிட்டர் வந்தால் அது மணிக்கு 60 லிட்டர். குறைவாக வந்தால், பம்பைக் குறைசொல்வதற்கு முன் பம்பின் முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழைய வெள்ளைக் கம்பி வழியே வரும் 12 வோல்ட், பம்பை அடையும்போது பத்தரையாக இருந்ததை என் காரிலேயே கண்டேன். புதிய கம்பியும் ஒரு ரிலேயும் வைத்ததும் அதே பம்ப் சுறுசுறுப்பானது. அதே ரிலேயின் கம்பியில் மோதல் நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சையும் சேர்த்துவிட வேண்டும். எஸ்.யூ. பம்பும்கூடக் குழாய் அறுந்தால் நிற்காமல் ஊற்றும் என்பதால், இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ரப்பர் ஓஸ்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுவதும் இதே நாளில் செய்யவேண்டிய வேலை. பழைய ஓஸ் உள்ளே உரிந்து கருந்துகள்களாக ஊசியில் சிக்கினால், மூன்று பி.எஸ்.ஐ.யும் ஓவர்ஃப்ளோ ஆகும்.

என் காரில் இரட்டை எச்.ஐ.எஃப்.6-ஐ வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தேன். கடையில் வாங்கிய பெரிய பம்பைக் கழற்றிவிட்டு, மின்னணுச் சுற்றுள்ள எஸ்.யூ. பம்பைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். குழாயை 8 மில்லிமீட்டருக்கு மாற்றி, மேனிஃபோல்டிலிருந்து ஒரு கை அகலம் விலக்கிக் கொண்டுபோனேன். இரண்டு ஊசிகளையும் புதிதாக்கினேன். அளவி ஐட்லிங்கில் 2.6 காட்டுகிறது, ஏற்றத்தில் ஒன்றரைக்குக் கீழே இறங்கியதில்லை. சாவியைத் திருப்பினால் பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தட்டுகள் கேட்கின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. நண்பர் ஒருவரின் 3.9 எடெல்புராக் காரில் கார்ட்டர் பம்ப் ஓடுகிறது, அது 5.8-இல் நிற்கிறது, ரெகுலேட்டர் இல்லை. கோடையில் சூடான இன்ஜினை அணைத்துக் கால் மணி கழித்துக் கிளப்பும்போது அவர் காரின் அழுத்தம் சற்று ஏறிக் காட்டுவதால், டேங்குக்குத் திரும்பும் மெல்லிய குழாய் ஒன்றைச் சேர்ப்பதா என்று இருவரும் இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்.